சாப்பிட உட்கார்ந்தால் வீங்கும் தாடை

1881 ஜூலை 2ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். முதுகில் பாய்ந்த குண்டு உள்ளேயே தங்கிவிட்டது. கிருமிநீக்க முறை ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்க டாக்டர்கள் பலர் அதைச் சட்டை செய்யவில்லை. கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுக் குண்டைத் துழாவினார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லே உலோகத்தைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்து தேடினார். எல்லார் கவனமும் முதுகில் இருந்தபோது, ஆகஸ்ட் மாதத்தில் அதிபரின் வலது கன்னம் காதுக்கு முன்னால் வீங்க ஆரம்பித்தது. சில நாட்களில் சீழ் கட்டியது. கத்தி வைத்துக் கீறிவிட வேண்டியதாயிற்று. செப்டம்பர் 19ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

முதுகில் பட்ட குண்டுக்கும் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம்? நேரடியாக ஒன்றும் இல்லை. வாரக்கணக்கில் காய்ச்சல், வாந்தி, வாய்வழியாக உணவே இறங்காத நிலை. உடலில் நீர் வற்றிப்போயிருந்தது. மெல்லுவதற்கு ஒன்றும் இல்லாததால் வாயில் எச்சில் ஊறவில்லை. எச்சில் ஓடாத குழாய் வழியாக வாயில் இருந்த கிருமிகள் மேலேறி, காதோரம் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் குடிபுகுந்துவிட்டன.

இந்த நோயின் சூட்சுமம் இதுதான். உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சிக்குப் பல காரணங்கள் உண்டு. வைரஸ், பாக்டீரியா, கல், உடலின் எதிர்ப்பு சக்தியே தன் சுரப்பிகளைத் தாக்குவது என்று பட்டியல் நீளும். ஆனால் பெரும்பாலான நேரங்களில் பிரச்சினையின் வேர் ஒன்றே: எச்சில் ஓட வேண்டிய வழியில் ஓடவில்லை. மருத்துவத்தின் பாதி வேலை, அதை மறுபடி ஓட வைப்பது.

ஆரோக்கியமான ஒருவரின் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. அதில் 99 சதவீதம் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் ஒரு சதவீதத்தில்தான் விஷயம் இருக்கிறது. மாவுச்சத்தை உடைக்கும் நொதி, கிருமிகளைக் கொல்லும் புரதங்கள், பல்லின் மேற்பூச்சைப் பழுதுபார்க்கும் கால்சியம், பாஸ்பேட் எல்லாம் அதற்குள் அடக்கம். இதைச் சுரப்பவை மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள். காதுக்கு முன்னால் கன்னத்தில் படர்ந்திருப்பது பரோடிட். தாடை எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டி, விரலால் தடவினால் நெல்லிக்காய் அளவுக்குத் தட்டுப்படுவது கீழ்த்தாடைச் சுரப்பி. நாக்குக்கு அடியில் இன்னொரு ஜோடி. இவை போக உதடு, உள்கன்னம், அண்ணம் எங்கும் 600 முதல் 1000 வரை பொடிப்பொடிச் சுரப்பிகள் இறைந்து கிடக்கின்றன.

பரோடிட் சுரப்பிக்கு ஒரு குழாய் உண்டு என்பதைக் கண்டுபிடித்தவர் நீல்ஸ் ஸ்டென்சன் என்ற 22 வயது டேனிஷ் மாணவர். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத்தலையை வாங்கி வந்து அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் தென்பட்ட ஒரு துளைக்குள் கம்பியை விட்டார். அது வழுக்கிக்கொண்டு போய்ப் பல்லில் பட்டு ‘டங்’கென்றது. கன்னத்துச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் ஒரு பாதை இருக்கிறது! அவர் தங்கிப் படித்த வீட்டு ஆசிரியர் பிளாசியஸ், அந்தக் கண்டுபிடிப்பு தன்னுடையது என்று வம்புக்கு வந்தார், பெரிய சண்டையாயிற்று. ஆனாலும் குழாய்க்கு நிலைத்தது மாணவரின் பெயர்தான். அதே ஸ்டென்சன் பிற்பாடு பாறை அடுக்குகளை ஆராய்ந்து புவியியலுக்கு அடித்தளம் போட்டார். பிறகு கத்தோலிக்க ஆயரானார். 1988இல் அவருக்கு ‘அருளாளர்’ பட்டமும் கிடைத்தது. ஆட்டுத்தலையில் தொடங்கிய வாழ்க்கைக்கு இது கொஞ்சம் அதிகமான திருப்பம்தான்.

அந்தக் குழாயின் வாயை யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து, மேல்வரிசையில் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே டார்ச் அடித்தால் உள்கன்னத்தில் ஒரு சின்ன மேடு தெரியும். கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாய் திறப்பது வேறு இடத்தில். நாக்கைத் தூக்கினால் நடுவில் ஒரு நரம்பு போன்ற மடிப்பு தெரியுமே, அதன் இருபுறமும் உள்ள இரண்டு புள்ளிகள்தான். ஓர் எலுமிச்சம்பழத் துண்டை நாக்கில் தொட்டுவிட்டுப் பார்த்தால் அங்கிருந்து முத்துமுத்தாக எச்சில் துளிர்ப்பது தெரியும். டாக்டர்கள் செய்யும் முதல் சோதனையும் ஏறக்குறைய இதுதான். ஒரு கையால் சுரப்பியை வெளியிலிருந்து அமுக்கிக்கொண்டே குழாயின் வாயைப் பார்ப்பார்கள். தெளிந்த நீர் வந்தால் ஒரு கதை, கலங்கி வந்தால் இன்னொரு கதை, மஞ்சளாகச் சீழ் வந்தால் வேறு கதை. ஒன்றுமே வராவிட்டால் எங்கோ அடைத்திருக்கிறது.

அடைப்புக்கு முக்கியக் காரணம் கல். சிறுநீரகத்தில், பித்தப்பையில் மட்டுமல்ல, எச்சில் குழாயிலும் கல் உருவாகும். இதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் வருகிறது. அதன் எச்சில் பிசுபிசுப்பானது, கால்சியமும் அதிகம்; குழாய் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நீளமானது; போதாததற்கு எச்சில் கீழிருந்து மேலே ஏறியாக வேண்டும். மேடேறும் வாய்க்காலில் வண்டல் படிவது போல அங்கே உப்பு படிந்து, மெல்ல மெல்லக் கல்லாகிறது. “பால் அதிகமாகக் குடித்தேன், அதனால்தானா?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. இந்தக் கல் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சரியான அளவிலேயே இருக்கும். பாலை நிறுத்துவதால் கல் கரையாது.

கல்லின் அடையாளம் அலாதியானது. இலை போட்டு, ரசத்தின் வாசனை மூக்கில் ஏறியதுமே தாடைக்குக் கீழே ‘சுருக்’கென்று வலிக்கும். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கிவிடும். கை கழுவி ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தானாக வடிந்துவிடும். அடுத்த வேளை மறுபடி அதே கதை. சுரப்பி எச்சிலை ஊற்றுகிறது, வெளியேற வழியில்லை, உள்ளே தேங்கி அழுத்துகிறது. பலர் இதைச் சொத்தைப் பல் என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போவார்கள். அது ஒரு வகையில் நல்லதே, நாக்குக்கு அடியில் கல்லை முதலில் பார்ப்பது பல நேரம் அவர்தான். “நெறி கட்டியிருக்கிறது” என்று வீட்டில் சொல்லிவிட்டு விட்டுவிடுபவர்களும் உண்டு. நெறி சாப்பாட்டு நேரம் பார்த்து ஏறி இறங்காது. இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கல் சிறியதாக இருந்தால் முதலில் கத்தி தேவையில்லை. தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்க வேண்டும் (இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது). சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றடம் கொடுக்க வேண்டும். பிறகு சுரப்பியை நீவிவிட வேண்டும். நீவுவதற்குத் திசை உண்டு. கன்னத்துச் சுரப்பி என்றால் காதோரத்திலிருந்து உதட்டு ஓரத்தை நோக்கி. தாடைச் சுரப்பி என்றால் தாடையின் மூலையிலிருந்து மோவாயை நோக்கி. எதிர்த் திசையில் நீவினால் பலனில்லை. கூடவே எலுமிச்சைத் துண்டோ புளிப்பு மிட்டாயோ வாயில் அடக்கிக்கொண்டால் உள்ளிருந்து வரும் எச்சிலே கல்லைத் தள்ளும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை இல்லாத மிட்டாய். அரிசிக் குறுணை அளவுக் கல் ஒன்று சாப்பிடும்போதே வாயில் உதிர்ந்து, சோற்றில் கிடந்த கல்லென்று துப்பிவிட்டு எழுந்தவர்களும் இருப்பார்கள்.

இதற்கு மசியாத கல்லை என்ன செய்வது? குழாயின் வாய்க்கு அருகே இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, வாய்க்குள்ளேயே சின்னதாகக் கீறி எடுத்துவிடுவார்கள். உள்ளே தள்ளி இருந்தால் ஒரு காலத்தில் சுரப்பியையே அகற்றுவதுதான் வழி. 1990களிலிருந்து நிலைமை மாறிவிட்டது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன் கொண்ட உள்நோக்கிக் குழாயை எச்சில் குழாய்க்குள்ளேயே செலுத்தி, கல்லைத் திரையில் பார்த்து, கம்பி வலையில் சிக்க வைத்து இழுத்துவிடுகிறார்கள். நான்கு மில்லிமீட்டர் வரையிலான கல்லுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். பெரிய கல்லை லேசரால் உடைத்து எடுப்பதும் உண்டு. வெளித்தழும்பு இல்லை, சுரப்பியும் தப்பிக்கிறது. எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை என்பதுதான் குறை. அதனாலேயே, “சுரப்பியை எடுத்துவிடலாம்” என்று ஓரிடத்தில் சொன்னால், இந்த வசதி உள்ள பெரிய மருத்துவமனையில் இன்னொரு கருத்துக் கேட்பது வீண் செலவல்ல.

தேங்கிய எச்சிலில் பாக்டீரியா புகுந்தால் அழற்சி தீவிரமாகும். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீக்கம் குறையாது. தோல் சிவந்து சுடும். காய்ச்சல் குளிரோடு வரும். வாயில் கெட்ட ருசி தட்டும். கார்ஃபீல்டுக்கு வந்தது இதுதான். இன்றும் இது அதிகம் தேடி வருவது அதே மாதிரி ஆட்களைத்தான். அறுவை சிகிச்சை முடிந்து சில நாள் வாய்வழி உணவில்லாதவர்கள், சரியாகத் தண்ணீர் குடிக்காத முதியவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயாளிகள். ரத்தக் கொதிப்புக்குத் தரும் நீர் பிரிக்கும் மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை ஆகியவையும் வாயை உலர வைக்கும். அதற்காக அவற்றைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. வாய் உலர்வதை மருந்து எழுதியவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

சீழ் வைத்த சுரப்பிக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். எதைக் கொடுப்பது, எத்தனை நாள் என்பது டாக்டர் முடிவு. மருந்துக் கடையில் “தாடை வீங்கியிருக்கு, ஏதாவது கொடுங்க” என்று கேட்டு மூன்று நாள் மாத்திரை வாங்குவது பாதிக் கிருமியை மட்டும் கொன்று மீதியைப் பழக்கிவிடும் வேலை. இரண்டு மூன்று நாளில் மாற்றமில்லை என்றால் ஸ்கேன் பார்ப்பார்கள். சீழ் ஓரிடத்தில் திரண்டிருந்தால் வடிக்க வேண்டும். நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம் பரவி, எச்சிலை விழுங்க முடியாமலோ மூச்சு வாங்கியோ வாயைத் திறக்க முடியாமலோ போனால் அது ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நிலை. காலை வரை பொறுக்கக் கூடாது.

வைரஸ் கதை வேறு. பொன்னுக்கு வீங்கி என்று தமிழ்நாட்டிலும் கூகைக்கட்டு என்று இலங்கையிலும் சொல்லப்படும் மம்ப்ஸ், கன்னத்துச் சுரப்பியைத் தாக்கும் தொற்று. கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதும் வீட்டு வழக்கம். சங்கிலியால் கெடுதல் ஒன்றும் இல்லை. வீக்கம் எப்படியும் ஒரு வாரம், பத்து நாளில் வடியும். பெயர் சங்கிலிக்குப் போகும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது என்பதால், பிள்ளைக்கு ஓய்வு, மென்மையான சாப்பாடு, நிறையத் தண்ணீர், எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால், இவைதான் வைத்தியம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கல்லுக்கு மருந்தான எலுமிச்சை இங்கே எதிரி. வீங்கிய சுரப்பியைப் புளிப்பு சுண்டினால் வலி உயிர் போகும்.

வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. தொற்றிய பிறகு வீக்கம் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்பதால், வகுப்பில் யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பயனில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வந்த சுவடு தெரியாமல் போய்விடும். பருவமடைந்த ஆண்களுக்கு வந்தால்தான் கவலை கூடுதல்; தடுப்பூசி போடாதவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு விரை வீங்கி வலிக்கும். இதனால் பிள்ளைப்பேறே இல்லாமல் போய்விடும் என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. உண்மையில் அப்படி ஆவது அரிது. பேசப்படாத இன்னொரு பின்விளைவு, ஒரு காது கேட்காமல் போவது. அதுவும் அரிதுதான், ஆனால் போனால் திரும்பாது. கடுமையான தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வயிற்று வலி இருந்தால் டாக்டரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

இதற்கான தடுப்பூசிக்குப் பின்னால் ஒரு சிறுமி இருக்கிறாள். 1963இல் ஒரு நள்ளிரவு, ஐந்து வயது ஜெரில் லின் தொண்டை வலிக்கிறது என்று அப்பாவை எழுப்பினாள். அப்பா மாரிஸ் ஹில்மன், மெர்க் நிறுவனத்தின் தடுப்பூசி ஆய்வாளர். தாடையைத் தடவிப் பார்த்தார், மம்ப்ஸ். மகளைப் படுக்க வைத்துவிட்டு ஆய்வகத்துக்குக் காரை விட்டு, பஞ்சுக் குச்சிகளை எடுத்துவந்து அவள் தொண்டையில் ஒற்றி எடுத்தார். அந்த வைரஸைக் கோழிக்கரு உயிரணுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து, 1967இல் தடுப்பூசிக்கு அனுமதி வாங்கினார். சோதனைக் கட்டத்தில் அதைப் போட்டுக்கொண்ட குழந்தைகளில் ஜெரிலின் தங்கையும் ஒருத்தி. ‘ஜெரில் லின்’ என்ற பெயரிலேயே அந்த வைரஸ் இன்றும் வழங்குகிறது.

இந்தியாவில் அரசு இலவசமாகப் போடும் தடுப்பூசியில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் இடம் இருக்கிறது, மம்ப்ஸுக்கு இல்லை. அது எம்.ஆர்.; மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். வேண்டுமானால் தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஒன்பதாம் மாதம், பதினைந்தாம் மாதம், நான்கு முதல் ஆறு வயதுக்குள் என்று மூன்று தவணை சொல்கிறது. இலங்கை 2011 முதல் எம்.எம்.ஆரையே அரசு அட்டவணையில் வைத்திருக்கிறது. 2024 தொடக்கத்தில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பொன்னுக்கு வீங்கி ஒரே சமயத்தில் கிளம்பிப் பள்ளிகளைப் பாடாய்ப் படுத்தியதைப் பார்த்த பிறகும், ‘தானாகச் சரியாகிற நோய்தானே’ என்று இதைத் தள்ளி வைப்பது சரியாகப் படவில்லை.

ஒரே பிள்ளைக்கு ‘பொன்னுக்கு வீங்கி’ மூன்றாவது தடவை, நான்காவது தடவை என்று வந்தால் அது மம்ப்ஸாக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்று முதல் ஆறு வயதுக்குள் தொடங்கி, ஆண்டுக்குச் சில முறை கன்னம் வீங்கி வடியும் ஒரு நோய் குழந்தைகளுக்கு உண்டு. பெரும்பாலும் பருவ வயதில் தானாக நின்றுவிடும். காரணம் முழுதாகப் பிடிபடவில்லை என்றாலும், குழாயை உள்நோக்கியால் கழுவிவிட்டால் தொல்லை குறைகிறது.

பெரியவர்களில், குறிப்பாக நடுவயதுப் பெண்களில், இரண்டு பக்கமும் கன்னம் மெல்ல உப்பி, வாய் காய்ந்து, கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தினால் வேறு திசையில் யோசிக்க வேண்டும். ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933இல் இப்படிப்பட்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். நோய்க்கு அவர் பெயரே வந்துவிட்டது. உடலின் காவல்படையே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளை அரித்துத் தின்னும் நோய் இது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது, பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாகும். வயதாகிவிட்டது, மாதவிடாய் நின்றுவிட்டது, உடம்புச் சூடு என்று வருஷக்கணக்கில் இதைக் கடத்துகிறார்கள். ரத்தப் பரிசோதனையும், உதட்டின் உட்புறத்திலிருந்து கடுகளவு சதை எடுத்துப் பார்ப்பதும் விடை சொல்லும். இந்த நோயாளிகளில் சிறு பகுதியினருக்கு நிணநீர்ப் புற்று வரக்கூடும் என்பதால் மூட்டு வாத நிபுணரின் தொடர்ந்த கண்காணிப்பு வேண்டும். தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் எடுத்துக்கொண்டவர்களுக்கும் சுரப்பிகள் வீங்கி வாய் உலர்வதுண்டு.

சுரப்பியில் அறுவை என்றதும் நோயாளிகள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “நரம்புக்கு என்ன ஆகும்?” முகத்தை அசைக்கும் நரம்பு பரோடிட் சுரப்பிக்கு உள்ளேயே புகுந்து ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. அடிபட்டால் கண் மூடாது, வாய் ஒரு பக்கம் கோணும். தாடைச் சுரப்பியை எடுக்கும்போது கீழுதட்டை இழுக்கும் கிளை கத்திக்கு அருகில் இருக்கும். அனுபவமுள்ள கைகள் இவற்றைக் காப்பாற்றிவிடும். என்றாலும் கேட்பதில் தவறில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. பரோடிட் அறுவைக்குச் சில மாதம் கழித்து, சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பக்கக் கன்னம் சிவந்து வியர்க்கும். அறுபட்ட எச்சில் நரம்பு மறுபடி வளரும்போது வழி தவறி வியர்வைச் சுரப்பியோடு சேர்ந்துகொள்வதால் வரும் வினை. 1923இல் இதைச் சரியாக விளக்கியவர் லூட்ஸ்யா ஃப்ரே, போலந்தின் யூத நரம்பியல் மருத்துவர். நாஜிகள் பிடித்த லிவிவ் நகரில் 1942இல் அவர் கொல்லப்பட்டார். வியர்வை மிகவும் தொந்தரவு செய்தால் போடாக்ஸ் ஊசி சில மாதங்களுக்கு அதை நிறுத்திவைக்கும்.

கடைசியாக, வலிக்காத கட்டி. அழற்சி என்றால் வலிக்கும், சுடும், ஏறி இறங்கும். ஒரே பக்கத்தில், வாரக்கணக்கில், வலியே இல்லாமல் கெட்டியாக நின்று மெதுவாக வளருவதை ஒற்றடம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. பரோடிட்டில் வரும் கட்டிகளில் ஏறத்தாழ எண்பது சதவீதம் புற்று அல்லாதவைதான். ஆனால் சுரப்பி சிறிதாகச் சிறிதாக அந்தக் கணக்கு மோசமாகிறது. நாக்கடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுதான். கட்டியோடு முகம் கோணினாலோ, தோல் மரத்துப்போனாலோ, கழுத்தில் நெறியும் சேர்ந்து கட்டினாலோ காது மூக்கு தொண்டை டாக்டரை அந்த வாரமே பார்த்துவிட வேண்டும். அவர் அல்ட்ராசவுண்ட் எடுத்து, மெல்லிய ஊசியால் கொஞ்சம் உயிரணுக்களை உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்புவார். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. இந்தச் சோதனை புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள்.